நீலப் புள்ளி வைத்த பெட்டிகளைத் திருப்பிக் கொடுங்கள்

வழக்கம்போல நீளமான பதிவுதான். அவசரத்தில் இருப்பவர்கள் இந்த முதல் பத்தியை மட்டும் படித்தால் போதும். 2020, 2021 ஊரடங்கு நாட்களில் பழைய வைஃபை ரவுட்டர்களைச் சரிசெய்து, அடியில் பேத்தியின் நகப் பூச்சால் நீலப் புள்ளி வைத்து, 17 வீடுகளுக்குக் கொடுத்தேன். அவற்றில் 6 திரும்பி வந்துவிட்டன. மீதி 11 பெட்டிகளும் எனக்கு வேண்டும். உங்கள் வீட்டில் நீலப் புள்ளிப் பெட்டி இருந்தால் இன்றைக்கே பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

ஏன் என்று கேட்பவர்களுக்குத்தான் மீதிக் கதை.

போன மாதம் பேர்ணாம்பட்டு ரோட்டில் ஷூ அப்பர் ஜாப் ஒர்க் செய்யும் என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். வீட்டு மாடியில் எட்டு தையல் மெஷின் போட்டு நடத்துகிறான். நெட் கொடுக்கும் ஆள் லைனை நிறுத்திவிட்டாராம். "உங்க லைன்ல இருந்து வெளியில எங்கேயோ அட்டாக் போகுது, அதைச் சரி பண்ணுங்க, அப்புறம் லைன் விடுறேன்" என்று சொல்லியிருக்கிறார். வாசலில் வண்டி நிற்கிறது, சரக்கு ஏற்றியாகிவிட்டது, இ-வே பில் போட வேண்டும். கடைசியில் மகளின் போனில் போட்டு வண்டியை அனுப்பியிருக்கிறான். அரை நாள் போயிற்று. என் மாணவனுக்கு ஒன்றும் புரியவில்லை. "பெட்டியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா ரெண்டு மணி நேரம் ஒழுங்கா இருக்கு சார், மறுபடி ஆரம்பிச்சிடுது" என்றான்.

அன்று மாலையே ஸ்கூட்டியில் போனேன். லேப்டாப்பை வயரில் மாட்டிப் பெட்டிக்குள் நுழைந்து, என்னென்ன ஓடுகிறது என்று பட்டியல் எடுத்தேன். நான் வைக்காத ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அர்த்தமில்லாத எழுத்துகளால் ஒரு பெயர். யாரோ வெளியிலிருந்து உள்ளே வந்து, தன் ஆளை வேலைக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வந்தவர் பூட்டை உடைக்கவில்லை. கதவை நான்தான் திறந்து வைத்திருந்தேன். ஊரடங்கில் வீடு வீடாகப் போக முடியாது என்று மூன்று வீடுகளில் வெளியிலிருந்து நுழைய ஒரு வழி வைத்திருந்தேன். மூன்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு. நான் வேலை பார்த்த பள்ளியின் பெயரும் 123-ம். வாத்தியார் புத்தி.

இதை அவனிடம் அங்கேயே சொன்னேன். "பரவாயில்ல சார், நீங்க கொடுத்ததாலதான் என் பொண்ணு பிளஸ் டூ படிச்சா" என்றான். அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மறுநாளே அந்த மூன்று பெட்டிகளையும் எடுத்து வந்துவிட்டேன். வேறு மூன்று, ஃபைபர் லைன் வந்தபோது வேண்டாம் என்று முன்பே திரும்பி வந்தவை. மீதி 11-லும் அந்த வெளிக்கதவு இல்லை. ஆனாலும் அவை நல்ல நிலையில் இல்லை. அதற்கான காரணத்தைச் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். வரலாற்று வாத்தியாரிடம் மாட்டிக்கொண்டீர்கள்.

ரவுட்டர் என்பது ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். அதற்கும் மூளை உண்டு, நினைவு உண்டு, உள்ளே ஒரு மென்பொருள் உண்டு. பெட்டியோடு ஒட்டிப் பிறந்த அந்த மென்பொருளைத்தான் ஃபர்ம்வேர் என்கிறார்கள். கம்பெனி அதை ஒருமுறை எழுதி அனுப்புகிறது. ஓரிரு வருடம் ஓட்டை அடைக்கும். பிறகு புது மாடல் வந்துவிடும், பழையதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பெட்டி நன்றாகத்தான் இருக்கும், உள்ளே இருப்பது மட்டும் செத்துவிடும். சோல் தேய்ந்தால் மாற்றிக்கொள்ளும் ஊர்க்காரர்கள் நாம். அப்பர் நன்றாக இருக்கும்போது செருப்பைத் தூக்கிப் போட மனசு வருமா? பெட்டியை வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதை மாற்ற முடியும் என்று உலகத்துக்குத் தெரியவந்தது 2003-ல்.

லிங்க்சிஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி 2002 டிசம்பரில் டபிள்யு.ஆர்.டி.54ஜி என்று ஒரு வீட்டு ரவுட்டரை விட்டது. நீலமும் கறுப்புமாக, பின்னால் இரண்டு கொம்பு. அடுத்த மார்ச்சில் சிஸ்கோ என்ற பெரிய கம்பெனி லிங்க்சிஸை ஏறக்குறைய 50 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. அந்தக் கோடையிலேயே லினக்ஸ் எழுதுபவர்களின் கடிதக் குழுவில் ஒருவர் ஒரு விஷயத்தைப் போட்டு உடைத்தார். இந்தப் பெட்டிக்குள் இருப்பது லினக்ஸ்.

லினக்ஸ் இனாம்தான், யாரும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. என் நோட்டைப் பார்த்து எழுதிக்கொள், அதில் நீ சேர்ப்பதையும் சேர், ஆனால் எழுதியதை யாருக்காவது கொடுத்தால் அவர்கள் கேட்கும்போது உன் நோட்டையும் காட்ட வேண்டும். ஜி.பி.எல். என்ற உரிமத்தின் சாரம் இவ்வளவுதான். லிங்க்சிஸ் பெட்டியை விற்றது, நோட்டைக் காட்டவில்லை.

வேண்டுமென்றே மறைத்தார்களா என்றால், எனக்கு அப்படித் தோன்றவில்லை. சில்லு பிராட்காம் என்ற கம்பெனியுடையது. அதற்கு மென்பொருள் தயாரித்துக் கொடுத்தது தைவானில் சைபர்டான் என்ற கம்பெனி. அதை வாங்கிப் பெயர் ஒட்டியது லிங்க்சிஸ். லிங்க்சிஸை வாங்கியது சிஸ்கோ. மேலே இருப்பவருக்குக் கீழே என்ன கலந்தது என்று தெரியாது. இது நம் பக்கத்து ஆட்களுக்கு ஒன்றும் புதிதில்லை. 1989 கடைசியில் ஜெர்மனி பென்டாகுளோரோபீனால் என்ற பூஞ்சணக் கொல்லியைத் தடை செய்தது நினைவிருக்கிறதா? நம் டேனரிகளில் தோலில் பூசணம் பிடிக்காமல் இருக்கப் போட்டது அது. அங்கே சோதித்துச் சரக்கைத் திருப்பினார்கள். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் எத்தனை பேருக்குத் தூக்கம் போயிற்று! டின்னில் என்ன இருக்கிறது என்று கடைசியில் போடுகிறவருக்குத் தெரியாது, கெமிக்கல் கடைக்காரருக்கே பாதிதான் தெரியும். ஆனால் பதில் சொல்ல வேண்டியது பெயர் ஒட்டி விற்றவர். மென்பொருளிலும் அதே கதைதான். ஜெர்மனிக்காரர்கள் இதிலும் முந்திக்கொண்டார்கள். ஹரால்ட் வெல்டே என்ற லினக்ஸ்காரர் போட்ட வழக்கில், ஜி.பி.எல். மீறிய ஒரு ரவுட்டர் கம்பெனிக்கு எதிராக மியூனிக் நீதிமன்றம் 2004-லேயே தடை உத்தரவு கொடுத்தது. சிஸ்கோ மீது அமெரிக்காவில் வழக்கு வந்தது 2008 டிசம்பரில்தான், அடுத்த வருடம் சமரசம் ஆயிற்று.

ஆனால் வழக்குக்கெல்லாம் வெகு முன்பே, 2003 நடுவில், லிங்க்சிஸ் அந்த மூல எழுத்தை வெளியிட்டுவிட்டது. அப்போது அது வக்கீல்களின் சின்ன விவகாரமாகத்தான் தெரிந்திருக்கும். ஆனால் நடந்தது என்ன? ஒரு வீட்டு ரவுட்டரின் உள்ளே இருப்பது முதல்முறையாக ஊரார் கைக்கு வந்தது. 2004 ஜனவரியில் சிலர் சேர்ந்து அதை வைத்து ஒரு திட்டம் தொடங்கினார்கள். பெட்டியின் பெயரிலிருந்த மூன்று எழுத்தை எடுத்து ஓப்பன்-டபிள்யு.ஆர்.டி. என்று பெயர் வைத்தார்கள். இனி ஓப்பன் என்றே எழுதுகிறேன், விரல் வலிக்கிறது. டிடி-டபிள்யு.ஆர்.டி., டொமேட்டோ என்று வேறு குழுக்களும் கிளம்பின.

லிங்க்சிஸ் 2005-ல் செலவைக் குறைக்கப் பெட்டியின் நினைவைப் பாதியாக்கி லினக்ஸையே எடுத்துவிட்டது. வாங்குகிறவர்கள் சத்தம் போட்டார்கள். உடனே பழைய பெட்டியையே கடைசியில் ஒரு 'எல்' சேர்த்துக் கூடுதல் விலைக்கு விற்றது. பத்து வருடத்துக்கு மேல் அந்த 'எல்' மாடல் விற்றது.

ஒரு சின்ன வேடிக்கை. ஓப்பனின் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் அப்போது ஒரு மதுக் கலவையின் பெயர் வைப்பார்கள். உள்ளே நுழைந்ததும் திரையில் அதன் செய்முறையும் வரும், ஜின் இவ்வளவு, பழச்சாறு இவ்வளவு என்று. பழைய வெளியீடு ஒன்றை ஒரு ஹாஜியார் வீட்டில் திறந்து காட்டப்போய், அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். நான் அவசரமாகத் திரையை மேலே தள்ளினேன். நல்லவேளையாகப் பிறகு வந்தவர்கள் அந்த வழக்கத்தை விட்டுவிட்டார்கள்.

இதெல்லாம் வெள்ளைக்காரர் கதை, நமக்கு என்ன என்கிறீர்களா? நம் தேனிக்கு வாருங்கள். 2005 ஜனவரியில் மத்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை வெளியிடங்களிலும் உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதித்தது. கட்டடத்துக்கு வெளியே வைஃபை வைக்க அதற்குப் பிறகு லைசென்ஸ் வேண்டியதில்லை. அந்தக் காலத்தில்தான் அரவிந்த் கண் மருத்துவமனையின் தேனிக் கிளையையும் சுற்றியுள்ள சிற்றூர்களின் கண் மையங்களையும் வைஃபையாலேயே இணைத்தார்கள். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ப்ரூவரின் குழு அவர்களுக்குத் துணை. நோயாளி தன் ஊர் மையத்தில் உட்கார்ந்து வீடியோவில் தேனி டாக்டரிடம் பேசுவார். பஸ் செலவு மிச்சம், ஒரு நாள் கூலியும் மிச்சம்.

வைஃபை வீட்டுக்குள் ஓடுவதற்காகச் செய்தது. ஒரு பெட்டி ஒரு துண்டுச் செய்தியை அனுப்பினால், "வந்துவிட்டது" என்று மறுமுனை உடனே சொல்ல வேண்டும். பல கிலோமீட்டர் தள்ளியிருந்தால் அந்தப் பதில் தாமதமாக வரும். தொலைந்துபோயிற்று என்று நினைத்து அனுப்பியதையே மறுபடி அனுப்பும். வேகம் செத்துவிடும். கம்பெனி மென்பொருளில் இந்தக் காத்திருப்பு நேரத்தைத் தொட முடியாது. மூல எழுத்து கையில் இருந்ததால் பெர்க்லிக்காரர்களால் அதை மாற்ற முடிந்தது. முறை வைத்துப் பேசுவது என்று ஆக்கினார்கள், நீ கொஞ்ச நேரம், நான் கொஞ்ச நேரம். அதே ஆண்டுகளில் வெனிசுவேலாவில் எர்மான்னோ பியெட்ரோசெமோலி என்ற பேராசிரியர், மலை உச்சிகளுக்கு இடையே முதலில் 279 கிலோமீட்டர், பிறகு 2007-ல் 382 கிலோமீட்டர் தூரத்துக்கு வைஃபை அனுப்பிக் காட்டினார். ஆம்பூரிலிருந்து சென்னைக்கே ஏறக்குறைய 180 கிலோமீட்டர்தான்.

தேனிக்காரர்களின் அனுபவத்தில் எனக்குப் பிடித்தது வேகம் அல்ல, பராமரிப்பு. வருடக்கணக்கில் ஓட்டிப் பார்த்துவிட்டு, பெரிய எதிரி ரேடியோ அல்ல, மின்சாரம்தான் என்று எழுதினார்கள். கரண்ட் போவதைவிட, இருக்கும்போதே எகிறுவதும் இறங்குவதும்தான் பெட்டிகளைக் கொன்றது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் நினைவு கெட்டுவிடும், அதனால் உள்ளே எழுதவே முடியாதபடி, படிக்க மட்டும் வைத்தார்கள். பெட்டி உறைந்துபோனால் தானே அணைந்து எழுவதற்குக் காவலாளி வைத்தார்கள். இதையெல்லாம் பெர்க்லி மாணவர்களின் கையிலேயே வைத்துக்கொள்ளாமல் தேனி ஊழியர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். இந்த வரியை நினைவில் வையுங்கள், கீழே என் தலையில் குட்டப் போகிறேன்.

இமாசலத்தில் தர்மசாலாவில் ஏர்ஜல்தி என்ற குழு, நான் மேலே சொன்ன லிங்க்சிஸ் பெட்டிகளையே மலைமேல் ஏற்றி ஊருக்கு நெட் கொடுத்தது. அங்கே அவர்களுக்குப் பெரிய தொல்லை குரங்குகள். ஏலகிரிக்காரர்களுக்கு விளக்க வேண்டாம்.

சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. இதை யாரும் பேசுவதில்லை. பெட்டியின் மென்பொருள் திறந்திருந்தாலும், வைஃபை சில்லை இயக்கும் பகுதி ரொம்ப நாள் பூட்டித்தான் கிடந்தது. சில்லுக் கம்பெனிகள் அதைக் காட்ட மாட்டார்கள். பிராட்காம் பெட்டிகளில் இன்றைக்கும் அந்தத் தொல்லை தீரவில்லை. ஆதெரோஸ் என்ற கலிபோர்னியாக் கம்பெனி 2008 ஜூலையில் தன் புதிய சில்லுகளுக்கான இயக்கியை முழுவதும் திறந்து கொடுத்தது. ஏத்9கே என்று பெயர். அந்த வருடமே லினக்ஸில் சேர்ந்தது. ஆதெரோஸுக்குச் சென்னையில் அலுவலகம் உண்டு. 2011-ல் குவால்காம் அந்தக் கம்பெனியை வாங்கிய பிறகும் வைஃபை வேலை சென்னையில் நடக்கிறது. லினக்ஸில் யார் எந்த வரியை மாற்றினார்கள் என்பது பெயரோடு பதிவாகி, உலகமே பார்க்கக் கிடக்கிறது. ஒருநாள் இரவு ஏத்9கே-யின் பதிவைப் பார்த்துக்கொண்டே போனேன். செந்தில், வசந்தகுமார், ராஜ்குமார். வருகைப் பதிவேடு எடுத்த மாதிரி இருந்தது. 36 வருடம் "உள்ளேன் ஐயா" கேட்ட காதுக்கு வேறென்ன வேண்டும்? வேலூரிலோ ஆம்பூரிலோ கடையில் ஆயிரம் ரூபாய்க்கு வாங்கிய ரவுட்டரில் ஓப்பன் ஓடியது என்றால், அதில் இவர்கள் கையும் இருந்தது. நான் சேகரித்த 17-ம் அந்த வகைச் சில்லுப் பெட்டிகள்தான்.

2020 ஜூனில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பள்ளி இல்லை, ஃபாக்டரி பாதி நாள் இல்லை, ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள், ஒரு லைன். அக்கா வகுப்பில் இருக்கும்போது தம்பி யூடியூப் வைத்தால் டீச்சர் குரல் கிணற்றுக்குள் போய்விடும். பெங்களூரில் இருக்கும் என் தங்கை மகன் போனில் சொன்னான்: "மாமா, லைன் வேகம் போதும். பெட்டியிலதான் கோளாறு. பரண்ல பழைய ரவுட்டர் இருந்தா எடுங்க."

அவன் சொன்ன கோளாறுக்கும் ஒரு வரலாறு உண்டு. ஜிம் கெட்டிஸ் என்ற அமெரிக்கர் 2010 வாக்கில் தன் வீட்டு நெட் ஏன் இப்படி இழுக்கிறது என்று தோண்டிப் பார்த்தார். நினைவுச் சில்லு மலிவாகிவிட்டதால் எல்லாப் பெட்டியிலும் காத்திருக்கும் வரிசையை அளவுக்கு மீறி நீளமாக வைத்துவிட்டார்கள் என்று கண்டுபிடித்தார். ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் ஒருவர் கல்யாணத்துக்கு 200 பொட்டலம் சொல்லிவிட்டு நிற்கிறார். பின்னால் ஒரே பொட்டலத்துக்கு வந்த குழந்தை மதியம் வரை நிற்க வேண்டியதுதான். வீடியோ ஏற்றுவது அந்த 200. டீச்சரின் குரல் அந்த ஒன்று. வான் ஜேக்கப்சனும் கேத்லீன் நிக்கோல்ஸும் 2012-ல் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். டேவ் டாட் என்பவரும் நண்பர்களும் அதை ஓப்பனில் ஓட்டி ஓட்டிச் சோதித்தார்கள். எல்லாருக்கும் முறை வைத்து ஒவ்வொரு பொட்டலம், வரிசை நீண்டால் முன்கூட்டியே "இப்போது வராதே" என்று ஒரு தட்டு. அவ்வளவுதான், பெட்டி புதிதல்ல, லைனும் புதிதல்ல, குரல் தெளிந்துவிடும். டேவ் டாட் 2025 ஏப்ரலில் காலமானார். ஆம்பூரில் 17 வீடுகள் அவர் பெயர் தெரியாமல் அவர் வேலையால் படித்தன.

முதல் பெட்டியில் நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். தங்கை வீட்டு ரவுட்டர். மாடல் எண்ணைப் பார்த்தேன், அதற்கான ஃபர்ம்வேரை இறக்கினேன், ஏற்றினேன், பெட்டி மூச்சை விட்டுவிட்டது. ஒரே மாடல் பெயரில் உள்ளே வேறு வேறு சரக்கு வைத்து விற்பார்கள், அடி ஸ்டிக்கரில் சின்ன எழுத்தில் பதிப்பு எண் இருக்கும். என்னுடையது 9. நான் ஏற்றியது 11-க்கானது. கண்ணாடி போடாமல் பார்த்த வினை. பிறகு தங்கை மகன் சொல்லச் சொல்ல, வயரை மாட்டி, லேப்டாப்புக்குக் குறிப்பிட்ட முகவரி கொடுத்து, ரீசெட் பட்டனை அழுத்தியபடியே கரண்ட் கொடுத்தால் பெட்டி தானாகவே ஒரு குறிப்பிட்ட பெயருள்ள ஃபைலைக் கேட்கும், அதை ஊட்ட வேண்டும். நாலாவது முறை இரவு ஒரு மணிக்கு விளக்கு எரிந்தது. தங்கைக்கு இன்றுவரை தெரியாது. இப்போது தெரிந்திருக்கும்.

இனி அந்தப் பெட்டிகளின் கணக்கு. ஃபிளாஷ் 4 எம்.பி., ராம் 32 எம்.பி. நீங்கள் போனில் எடுக்கும் ஒரு போட்டோ இன்று 4 எம்.பி. வருகிறது. அந்த ஒரு போட்டோ இடத்துக்குள் முழு லினக்ஸையும் திணிக்க வேண்டும். 2020 ஜனவரியில் வந்த 19.07 என்ற ஓப்பன் வெளியீடு அதில் மூச்சுத் திணறித்தான் உட்காரும். பிரியாணி வரிசை வேலைக்கான பகுதியைச் சேர்க்க இடமே இல்லை. அதனால் நானே தனியாகக் கட்டினேன். வேண்டாததைக் கழித்துவிட்டு வேண்டியதை மட்டும் சேர்த்து ஃபர்ம்வேர் கட்ட ஓப்பன்காரர்களே ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். நான் கழித்ததில் முக்கியமானது, பிரவுசரில் திறந்து படம் பார்த்து மாற்றும் பக்கம். அதை எடுத்ததும் இடம் கிடைத்தது, எல்லாம் ஓடியது. எனக்கு அப்போது இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல, அந்த நாள் பதிவுகளைப் பார்த்தால் தெரியும்.

அதன் விலை பிறகுதான் தெரிந்தது. அந்தப் பக்கம் இல்லாததால் என்னைத் தவிர வேறு யாராலும் அந்தப் பெட்டியைத் தொட முடியாது. தேனிக்காரர்கள் செய்ததற்கு நேர் எதிர். எதைச் சேர்த்தேன், எதைக் கழித்தேன் என்று எங்கும் எழுதியும் வைக்கவில்லை. கல்வெட்டு இல்லாத மன்னனைக் கேலி செய்தவன் நான்! 2022-ல் பழைய லேப்டாப் போனதோடு கட்டிய விவரமும் போயிற்று. 2021-க்குப் பிறகு ஒரு பெட்டியையும் நான் புதுப்பிக்கவில்லை.

புதுப்பிக்க நினைத்திருந்தாலும் ரொம்ப நாள் ஓடியிருக்காது. லினக்ஸ் வளர்கிறது, 4-32 பெட்டிகள் வளராது. அவற்றுக்கு 19.07 வரிசைதான் கடைசி. அந்த வரிசைக்கு 2022 ஏப்ரலோடு பராமரிப்பு நின்றது. ஓப்பன்காரர்கள் இதை முன்கூட்டியே சொல்லி, இந்த அளவுப் பெட்டிகளை வாங்காதீர்கள் என்று எச்சரித்துக்கொண்டே இருந்தார்கள். நான் இலவசமாகக் கிடைத்ததைப் பார்த்தேன், எச்சரிக்கையைப் பார்க்கவில்லை.

பராமரிப்பு நின்றால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் நிறைய. 2016-ல் மிராய் என்ற புழு, வீட்டுக் கேமராக்களையும் ரவுட்டர்களையும் வெறும் தொழிற்சாலைப் பாஸ்வேர்டுகளின் ஒரு பட்டியலை வைத்தே பிடித்தது. அந்தப் படையை வைத்து அக்டோபரில் அமெரிக்காவின் பெரிய இணையதளங்களை நாள் முழுக்கத் தள்ளாட வைத்தார்கள். மிராயை எழுதியவர்கள் கல்லூரி வயதுப் பையன்கள் மூவர். அது பெட்டியின் ராமில் மட்டுமே வாழும், அணைத்தால் செத்துவிடும், பாஸ்வேர்டு மாறவில்லை என்றால் சற்று நேரத்தில் மறுபடி வந்துவிடும். என் மாணவன் சொன்ன அந்த "ரெண்டு மணி நேரம்" இதுதான். 2018 மே மாதம் தெரியவந்த வி.பி.என்.ஃபில்டர் என்பது 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் பெட்டிகளில் இருந்தது. அதில் ஒரு பகுதி அணைத்தாலும் சாகாது.

பராமரிப்பு இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2016-ல் ஓப்பன்காரர்களுக்குள் சண்டை வந்தது. வெளியீடு தாமதம், முடிவுகள் ஒளிவுமறைவு என்று முக்கியமானவர்கள் பலர் பிரிந்து லெடே என்று தனிக்கடை போட்டார்கள். கட்சி பிரிந்தால் சேராது என்பது நம் அனுபவம். இவர்கள் 2018 ஜனவரியில் பழைய பெயரிலேயே சேர்ந்துவிட்டார்கள், பிரிந்து போனவர்களின் ஒழுங்குமுறையோடு. பிரிந்திருந்த காலத்தில், 2017 அக்டோபர் 16-ம் தேதி, வைஃபையின் பூட்டிலேயே ஓட்டை இருக்கிறது என்று மாத்தி வான்ஹூஃப் என்ற பெல்ஜிய ஆய்வாளர் வெளியிட்டார். உலகத்தில் வைஃபை இருக்கும் எல்லாக் கருவிக்கும் பொருந்தும் ஓட்டை. லெடேயின் திருத்தம் இரண்டு நாளில் வந்துவிட்டது. சம்பளம் வாங்காதவர்கள் செய்த வேலை. கடையில் வாங்கிய எத்தனையோ பெட்டிகளுக்கு அந்தத் திருத்தம் வரவே இல்லை.

அதனால் திறந்த மென்பொருள் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள். தப்பு நான் தேர்ந்தெடுத்த பெட்டியிலும், நான் பராமரிக்காததிலும். இந்தமுறை ஒழுங்காகச் செய்கிறேன். புதிதாக வாங்குபவர்கள் கவனியுங்கள். ஃபிளாஷ் 16 எம்.பி., ராம் 128 எம்.பி.க்குக் குறைந்து எதையும் தொடாதீர்கள். சில்லு குவால்காம் அல்லது மீடியாடெக் என்றால் நல்லது. வாங்குவதற்கு முன் ஓப்பனின் கருவிப் பட்டியலில் மாடலோடு பதிப்பு எண்ணையும் தேடிப் பாருங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு. ஃபைபர் கம்பெனி மாட்டிய பெட்டியை நோண்ட வேண்டாம், அது அவர்களுடையது. உங்கள் ரவுட்டரை அதன் பின்னால் மாட்டினால் போதும். கையில் காசு இருப்பவர்களுக்கு, 2024 நவம்பரில் ஓப்பன்காரர்களே தங்கள் பெயரில் ஒரு பெட்டி விட்டிருக்கிறார்கள், அப்போதைய விலை 89 டாலர், அதில் 10 டாலர் திட்டத்துக்கு. எனக்குக் கட்டுப்படியாகாது.

இந்த முறை தனிக் கட்டுமானம் எதுவும் இல்லை. ஓப்பன்காரர்கள் வெளியிட்ட 24.10-ஐ அப்படியே ஏற்றுகிறேன், படம் பார்த்து மாற்றும் பக்கத்தோடு. ஒவ்வொரு பெட்டிக்கும் தனிப் பாஸ்வேர்டு, அடியில் ஒட்டியிருக்கும். வெளிக்கதவு கிடையாது. ஒரு பக்கத்தில் தமிழில் எழுதிய குறிப்பும் கூட வரும்: புது வெளியீடு வந்ததா என்று எப்படிப் பார்ப்பது, அமைப்பை முதலில் எப்படிச் சேமித்து வைப்பது, எப்படி ஏற்றுவது. வீட்டில் பிளஸ் ஒன் படிக்கும் ஒரு பிள்ளை என் எதிரில் உட்கார்ந்து ஒருமுறை செய்து காட்டினால்தான் பெட்டியைக் கொடுப்பேன். பரீட்சை மாதிரிதான். பார்த்து எழுதலாம்.

சென்னையில் வேலை பார்க்கும் இரண்டு மாணவர்கள் அலுவலகத்தில் கழித்த 7 ரவுட்டர்களை அனுப்பியிருக்கிறார்கள். நான் 5 வாங்கி வைத்திருக்கிறேன். மொத்தம் 12. பேர்ணாம்பட்டு ரோட்டு வீட்டுக்கு ஒன்று போய்விட்டது, அவன் மகளே ஏற்றினாள். மீதி 11, உங்கள் 11-க்குச் சரி. பணம் யாரும் அனுப்ப வேண்டாம்.

வரும் ஞாயிறும் அடுத்த ஞாயிறும் காலை 9 முதல் 12 வரை வீட்டில் இருப்பேன். துத்திப்பட்டு, சான்றோர்குப்பம், மின்னூர் பக்கத்தில் இருப்பவர்கள் வர முடியாவிட்டால் சொல்லுங்கள், ஸ்கூட்டியில் வந்து வாங்கிக்கொள்கிறேன். பெட்டியோடு அடாப்டரையும் கொண்டு வாருங்கள், போன தடவை மூன்று பேர் மறந்துவிட்டு வந்தார்கள்.